ஹார்ட்லி கேட்ட ஒரு சிட்டிகை விதை

வண்ணார்பேட்டை பாக்கியசீலனுக்கு வீடு இருந்தது, உத்தியோகம் இருந்தது, கிணறு இருந்தது, கிணற்றடியில் வரிசையாகக் காசித்தும்பைத் தொட்டிகள் இருந்தன. பேசத்தான் ஆள் இல்லை. பெண்சாதி பியூலா வாந்திபேதியில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. நாலு பேர் கூடின இடத்தில் போய் உட்கார்ந்து வாயாடுகிற சுபாவமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் கடைசி பெஞ்சு. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்னே வாசலில் நின்று செருப்பைத் தேடுகிற ஆசாமி. அப்படிப்பட்ட மனுசன் ஒரு நாள் செய்த காரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஸ்டேஷன் பக்கம் இருந்த வெள்ளைக்காரன் பஞ்சுக் கம்பெனியில் அவர் குமாஸ்தா. கரிசல் காட்டுப் பஞ்சு வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதை அமுக்கி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, சிப்பம் சிப்பமாகத் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். அங்கேயிருந்து கப்பல். சிப்பத்தின் மேல் கருப்பு மையால் கம்பெனி முத்திரை போடுவது பாக்கியசீலன் வேலை. பத்து வருஷமாக முத்திரை போட்டவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம் திடீரென்று என்ன தோன்றியதோ! ஒரு துண்டுக் காகிதத்தில், மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷில், 'இந்தப் பஞ்சைப் பிரிக்கிறவருக்கு சலாம். நீங்கள் சுகமா? பதில் எழுதவும்' என்று எழுதி, கீழே பேரும் விலாசமும் போட்டு, பட்டை இறுக்குமுன் பஞ்சுக்குள் செருகிவிட்டார். ஒன்றில்லை, அந்த மாசம் மட்டும் முப்பது சிப்பத்தில் செருகினார். துரைக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

இருபத்தொன்பது காகிதம் எந்தக் குப்பையில் போனதோ தெரியாது. ஒன்று மட்டும் ஒரு நல்ல கையில் போய் விழுந்தது. எட்டு மாசம் கழித்துத் தபால்காரர் கொம்பையா, ராஜா தலை போட்ட சீமைத் தபால்தலையை விரலால் தடவிக்கொண்டே வந்து, "அண்ணாச்சி, சீமையில உங்களுக்கு யாரு?" என்றார். பாக்கியசீலன் உறையை வாங்கி விலாசத்தை இரண்டு தரம் படித்தார்.

எழுதினவர் பேர் சாமுவேல் ஹார்ட்லி. லங்காஷயர் ஜில்லாவில் ஒரு நூல் மில்லில் சிப்பம் உடைக்கிறவர். அவருக்கும் பெண்சாதி போய் ஆறு வருஷம். ஒரே மகள் ஹானா பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்து இருக்கிறாள். 'நான் சுகம். நாற்பது வருஷமாகச் சிப்பம் உடைக்கிறேன், இதுவரை எந்தச் சிப்பமும் என்னைச் சுகமா என்று கேட்டதில்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நம்ம ஆள் தனியாக உட்கார்ந்து சிரித்தார். பியூலா போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

அன்றிலிருந்து கடிதப் போக்குவரத்து. இவர் ஆற்றில் வெள்ளம் வந்ததை எழுதுவார், அவர் பனி பெய்ததை எழுதுவார். பியூலா போன அன்றைக்கு நடந்ததை, கூடப் பிறந்த அண்ணனிடம்கூட வாய் திறக்காததை, மூன்று பக்கம் ஹார்ட்லிக்கு எழுதினார். முகம் தெரியாதவரிடம் சொல்வது லேசாக இருந்தது போலும். ஹார்ட்லியோ தன் பூவைப் பற்றி எழுதுவார். அரிக்குலா என்று ஒரு பூ. அவர் தகப்பனார் தறி நெய்கிற காலத்திலேயே தறிக்குப் பக்கத்து ஜன்னலில் வளர்த்த பூவாம். அந்த ஊர் நெசவாளிகளுக்கெல்லாம் அதுதான் பைத்தியம். சின்னச் சின்னத் தொட்டி, தொட்டிக்கு ஒரு செடி, செடிக்கு ஒரு கொத்து. ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் வட்டமாகக் கண் எழுதின மாதிரி வெள்ளை வளையம். ஏப்ரல் மாசம் போட்டி. கருப்பு வர்ணம் அடித்த படிகளை அடுக்கி, ஓரத்தில் திரை கட்டி, படிக்குப் படி தொட்டிகளை வைப்பார்களாம். கருப்புக்கு முன்னால் அந்த வெள்ளைக் கண் பளிச்சென்று விழிக்குமாம். முதல் பரிசு ஒரு செம்புக் கெட்டில். ஒரு கெட்டிலுக்காகத் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்டு மைல் நடப்பார்களாம். 'பெரிய வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், நாங்கள் கவலைப்படுவதில்லை' என்று எழுதியிருந்தார் ஹார்ட்லி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் ஆவணியில் வந்த கடிதத்துக்குள் ஒரு சின்னக் காகித மடிப்பு. அதற்குள் மிளகுத் தூள் மாதிரி விதை. 'என் மிகச் சிறந்த செடியின் விதை. இதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நிழலில் வையுங்கள். இலையில் தண்ணீர் படவேண்டாம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். நாற்பது வருஷம் ஒரு செடியோடு கிடக்கிறவர்களுக்கு, தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பு வந்துவிடும் பாருங்கள்.

பாக்கியசீலன் செய்த கூத்தைக் கேளுங்கள். விதையை மண்ணில் போடுவதற்கு முன்னாலேயே படி கட்டிவிட்டார்! கம்பெனியில் உடைந்து கிடந்த பெட்டிப் பலகையைக் கேட்டு வாங்கி வந்து, அஞ்சு படி செய்து, சிப்பத்துக்கு முத்திரை போடுகிற அதே கருப்பு மையைப் பூசி, வாசல் நடையில் வெயில் படாத சுவரோரமாகக் காயவைத்தார். மாசம் புரட்டாசி. எதிர்வீட்டு நீலாம்பாளுக்கு முகமெல்லாம் பல்.

"அண்ணாச்சி, கொலு வைக்கப் போறீகளா? அஞ்சு படி! கணக்கா ஒத்தப்படையிலதான் வச்சிருக்கீக. வேதக்காரங்க வீட்ல கொலு பாக்க யாருக்குக் குடுத்து வச்சிருக்கு? எங்கிட்டச் செட்டியார் பொம்மை ஒண்ணு கூடுதலாக் கெடக்கு, தரட்டா?"

இவர் 'அது இல்லம்மா, அது இல்லம்மா' என்று கையை ஆட்டி முடிப்பதற்குள் சேதி கோயில்வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் உபதேசியார் தேவதாசன் குடையும் கையுமாக வந்து நின்றார். சபையில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் மோப்பம் பிடிக்கிற மனுசன்.

"என்ன வே இது? வேதத்துக்கு வந்து மூணு தலைமுறை ஆச்சு. பெண்சாதி போன துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"பூ வைக்கதுக்கு ஐயா. சீமைப் பூ. அங்க இப்படித்தான் வச்சுப் பாக்காங்க."

"எங்க பூவு?"

"இனிமேதான் வெதைக்கணும்."

உபதேசியார் படிகளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "சரி வே. பூக்கட்டும், வந்து பாக்கேன். பூக்காட்டி இதைப் பிரிச்சு அடுப்புல வச்சிரும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

ஐப்பசி மழையில் விதைத்தார். வெள்ளை மணலும் ஆற்று வண்டலும் அரித்துப் போட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி, கிணற்றடிக் கொட்டகைக்குள் வைத்தார். முளைத்தது அஞ்சே அஞ்சு. ஆபீசுக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், குனிந்து குனிந்து பார்ப்பார். "புள்ளத்தாச்சியைப் பாக்க மாதிரில்லா பாக்கீக" என்று நீலாம்பாள் கேலி பண்ணுவாள். மார்கழிக் குளிரில் இலை நாலும் அஞ்சுமாகத் தடித்தது. தை பிறந்தபோது இரண்டு செடியின் இலைமேல் வெள்ளையாக மாவு படிந்தது.

நம்ம ஊர்க்காரன் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? மாவுப்பூச்சி! செம்பருத்தியில் வரும், கத்தரியில் வரும், வந்தால் செடி பாழ். பாக்கியசீலன் பதறிப் போய்விட்டார். புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, பிள்ளைக்குக் கண் துடைப்பது போல இலை இலையாகத் துடைத்து எடுத்தார். மறுநாள் மறுபடியும் லேசாகப் படிந்தது. மறுபடியும் துடைத்தார். பத்து நாள் விடாமல் துடைத்து, மாவே இல்லாமல் பச்சைப் பசேலென்று ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

மாசியில் ஹார்ட்லி கடிதம் வந்தது. 'இப்போது சில இலைகளில் வெள்ளை மாவு கண்டிருக்கும். கண்டிருந்தால் நீங்கள் பாக்கியவான். அதுதான் என் செடியின் அழகே. கண்ணைப் போலக் காப்பாற்றுங்கள். ஒரு விரல் பட்டால்கூடக் கெட்டுவிடும். நாங்கள் மழைக்குக் கண்ணாடியால் மூடுவதும், மூச்சுவிடப் பயப்படுவதும் அந்த மாவுக்காகத்தான்.'

படித்துவிட்டுக் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முளைத்த அஞ்சில் மூன்று அதற்குள் கருகிப்போய், மிச்சம் இருந்தது இரண்டு செடி. இரண்டும் அவர் துடைத்துத் துடைத்துச் சுத்தம் பண்ணின செடி. ஒன்று அந்த வாரமே தலையைச் சாய்த்தது. இன்னொன்று பங்குனி வெயிலில் ஒரே நாளில் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. துணி துடைத்ததால் செத்ததா, நம்ம வெயில் கொன்றதா, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். பாக்கியசீலன் மனசில் ஒரே எண்ணம்தான் ஓடியது. யாருக்கும் கொடுக்காத விதையை அந்த மனுசன் எனக்குக் கொடுத்தான், நான் அதைப் புகையிலைத் தண்ணீர் விட்டுக் கொன்றேன்.

நாலு தரம் உண்மையை எழுத உட்கார்ந்தார். நாலு தரமும் கிழித்துப் போட்டார். இதை எழுதினால் அவன் சிரிப்பான், இல்லாவிட்டால் வருத்தப்படுவான், அப்புறம் கடிதம் குறையும், அப்புறம் நின்றே போகும். அப்புறம் எனக்கு யார்? அதுதான் பயம். வேறொன்றும் இல்லை. அஞ்சாவது தரம் பேனாவை எடுத்து, 'பூத்துவிட்டது' என்று எழுதினார்.

அடப் பாவி மனுசா! வெறுமனே பூத்தது என்று நிறுத்தினாரா? இரண்டு செடி பூத்தது, ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று பச்சைக் கரை போட்டது, கருப்புப் படியில் வைத்தேன், உபதேசியார் வந்து பார்த்து அசந்து போனார் என்று கை கூசாமல் எழுதினார். காசித்தும்பை போட்டால் ஒண்ணரை மாசத்தில் பூக்கும். இது சீமைப் பூ, ஆறு மாசம் எடுத்துக்கொண்டது என்றால் நம்புவான் என்று அவருக்குள் ஒரு கணக்கு. கடிதத்தைப் பெட்டியில் போட்டபோது உண்மையான அஞ்சு படியில் மூன்றாவது படியில் நீலாம்பாள் வீட்டுக் கோழி அடைகாக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

உபதேசியார் சொன்னபடியே பங்குனிக் கடைசியில் வந்தார். "உம்ம சீமைப் பூ எங்க வே?" என்றார். "இந்த மண்ணுக்கு ஒத்துவரல ஐயா" என்றார் பாக்கியசீலன். பாருங்கள், ஒரு பிரியமும் இல்லாத உபதேசியாரிடம் உண்மை அவ்வளவு சுளுவாக வந்தது. அன்று சாயங்காலமே படியைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

ஹார்ட்லியிடமிருந்து பதில் வந்தது. 'சந்தோஷம். உங்கள் ஆற்றைப் பற்றி ரொம்ப நாளாக நீங்கள் எழுதவில்லையே. கோடையில் எவ்வளவு தண்ணீர் ஓடும்?' அவ்வளவுதான். என்ன நிறம், எத்தனை இதழ், ஒன்றும் கேட்கவில்லை. பாக்கியசீலனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. இவ்வளவு பாடுபட்டு ஒரு பொய்யைச் சோடித்து அனுப்பினால், அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லையே என்று! அடுத்த வருஷம் பூவை அஞ்சாக்கினார். அதற்கடுத்த வருஷம் ஒன்பது. அப்போதும் ஹார்ட்லி ஆற்றைக் கேட்டார், மழையைக் கேட்டார், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டார். பூவைக் கேட்கவே இல்லை. மற்றது எல்லாம் இவர் உண்மையே எழுதினார். காய்ச்சலில் கிடந்தது, பியூலாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தது, கம்பெனியில் புதுத் துரை வந்தது, எல்லாம் உண்மை.

பன்னிரண்டாம் வருஷம் சித்திரையில் அந்தக் கடிதம் வந்தது. 'மார்புச் சளியில் இரண்டு மாசம் படுத்திருந்தேன். பார்க்க ஆள் இல்லாமல் என் செடிகள் போய்விட்டன. உங்களுக்குக் கொடுத்த வகை என்னிடம் இப்போது இல்லை. உங்கள் செடிகளில் விதை இருந்தால் ஒரு சிட்டிகை அனுப்புங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.'

மனுசன் கடிதத்தோடு கிணற்றடிக்குப் போனார். தகப்பன் காலத்துச் செடி. உலகத்தில் அது மிச்சம் இருக்கிற ஒரே இடம் வண்ணார்பேட்டை கிணற்றடி என்று அந்த ஆள் நம்பிக்கொண்டிருக்கிறார். இங்கே இருப்பது காசித்தும்பை. அனுப்ப ஒன்றுமில்லை. 'இல்லை' என்று எழுதலாம் என்றால், ஒன்பது பூ பூத்த செடிக்கு ஒரு விதைகூடவா இல்லை என்ற கேள்வி வரும். அந்தக் கடைசி வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். சந்தேகப்பட்டுவிட்டான், குத்திக் காட்டுகிறான் என்றுதான் அவருக்குப் பட்டது. வெட்கம் வந்தால் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

பதில் எழுதவில்லை.

ஆடியில் இன்னொரு கடிதம் வந்தது. விதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது, ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். இவர் எழுதவில்லை. கார்த்திகையில் ஒன்று. அதில் நாலே வரி, எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதற்கும் எழுதவில்லை. அடுத்த வருஷம் முழுக்க ஒன்றும் வரவில்லை. "என்ன அண்ணாச்சி, உங்க சீமைக்காரர் மறந்துட்டாரா?" என்று கொம்பையா கேட்டபோது, "அவருக்கு வேலை சோலி இருக்கும்லா" என்றார். அந்த வருஷம் அவர் ஒரு ஆளோடும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவில்லை. ஆபீசில் நம்பர், வீட்டில் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சு. காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, 'அன்புள்ள ஹார்ட்லி' என்று எழுதி, அதற்குமேல் ஓடாமல் மடித்து வைத்த தாள் மட்டும் இருபதாவது இருக்கும்.

பதினாலாம் வருஷம் தை மாசம், ஒரு சனிக்கிழமை முற்பகல். கொம்பையா சீமைத் தபாலோடு வந்தார். கையெழுத்து வேறு. வாசலிலேயே உடைத்துப் படித்தார் பாக்கியசீலன்.

'ஐயா, நான் ஹானா. என் தகப்பனார் போன நவம்பரில் காலமானார். உங்களுக்குத் தெரிவிக்கவேண்டியது என் கடமை. கடைசி வாரம்வரை தபால் வருகிற வேளைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உங்கள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

'அரிக்குலா விதை போட்டால் பூவைப் பார்க்க இரண்டு வருஷம் ஆகும். ஆறு மாசத்தில் பூத்தது என்று நீங்கள் எழுதிய அன்றைக்கே அவருக்குத் தெரியும். உங்கள் வெயிலில் அது பிழைக்காது என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் காட்டவில்லை. உங்கள் மனைவி இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டி, இதை எழுதினவன் பொய்க்காரன் இல்லை, பயந்தவன் என்றார்.

'அவர் செடிகள் போனது வாஸ்தவம். ஆனால் விதை யாருக்கும் கொடுக்காதவர், பக்கக் கன்றுகளைச் சிநேகிதர்களுக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் அதே வாரம் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உங்களிடம் விதை கேட்டார். ஏன் என்று கேட்டேன். கேட்டால் இல்லை என்று சொல்வான், சொல்லிவிட்டால் அந்தப் பாரம் இறங்கிவிடும், அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தார்.'

பாக்கியசீலன் வாசல்படியில் உட்கார்ந்தார்.   அழுகை வந்தது பாருங்கள், பியூலாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட அந்த மனுசன் அப்படி அழுததில்லை. எதிர்வீட்டில் நீலாம்பாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பப் போன கொம்பையா பதறிப்போய் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"ஒரு வரி கொம்பையா. எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு ஒரே ஒரு வரி. அதை எழுதாம ஒண்ணரை வருசம் அந்த மனுசனை வாசல்ல உக்கார வச்சிட்டேனே. எல்லாம் தெரிஞ்சுல்லா உக்காந்திருந்திருக்காரு."

கொம்பையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க சீமைக்காரரையா சொல்லுதீக அண்ணாச்சி? அவரு சொந்தமா?"

"எனக்கு இருந்த ஒரே ஆளு."

"நீங்க சீமைக்குப் போனதே இல்லையே. அவரு எப்ப இங்கன வந்தாரு?"

"வரல. நான் பாத்ததே இல்ல."

"பாத்ததே இல்லாத ஆளுக்கா அண்ணாச்சி இப்படி அழுதீக?"

பாக்கியசீலன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.  கொம்பையாவுக்கு இன்னும் பதினாலு வீடு பாக்கி இருந்தது. "பைய எந்திரிச்சு மொகத்தைக் கழுவுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.